வருகையின் நோக்கம்

பெனாபோல் கவுண்டரில் அதிகாரி கேட்டார்:
எதற்காக வந்தீர்கள்?

இந்தப் பக்கம் வர நின்ற எதிர் வரிசைக்கு
அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்.
எக்ஸ்ரே உறை, மஞ்சள் பை,
துப்பட்டாவில் முடிந்த பணம்.
போகும் ஊர், நான் விட்டு வந்த ஊர்.

சும்மா என்று சொல்ல அவர்கள் மொழியில் துழாவி
‘எம்னி’ என்றேன்.
முத்திரையைத் தூக்கிய கை நின்றது.
எம்னி யாரும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை போலும்.

வேலூரில் பாபுராவ் தெருவுக்குப் பின்னால்
எனக்கு ஆறு அறைகள்.
அறைக்கு ஓர் இரும்புக் கட்டில், ஓர் அடுப்பு, ஒரு வாணலி.
சுவரில் வங்க எழுத்தில்,
ஜெராக்ஸ் கடை இர்ஃபான் எழுதித் தந்தது:
மீன் பொரிக்கக் கூடாது.
பதினாலு வருஷமாக
அழுகிற சத்தத்தைக் கேட்டே
எந்த அறைக்கு ரிப்போர்ட் வந்தது என்று சொல்வேன்.
மொழி அப்படித்தான் வந்தது,
முதலில் வலி, பிறகு வாடகை, கடைசியில் வாழ்த்து.

நாலாம் எண் அறையில் நாற்பது நாள் இருந்த ருகெயா
ஜிக்கர்காச்சாவில் பேருந்தடியில் நின்றிருந்தாள்.
ஆபா என்று கட்டிக்கொண்டாள்.
அங்கே ஆபா என்றால் அக்கா.
எனக்கு ஒரு நொடி
செத்துப்போன அப்பாவை யாரோ கூப்பிட்டது போல இருந்தது.

அவள் புருஷன் மொக்லேசுர்
சட்டையைத் தூக்கிக் காட்டினார்,
விலாவில் ஓடும் தழும்பை.
‘பெலோர்’ என்றார், ஊர் பெயரைச் சொல்வது போல அல்ல,
சாமான் பெயரைச் சொல்வது போல.
பீரோவில் பட்டுத்துணி சுற்றிய ஃபைல்.
அதற்கு மேலே புனித நூல், அவ்வளவுதான் இடைவெளி.

முதல் நாள் மீன். இரண்டாம் நாளும் மீன்.
கடுகெண்ணெய் மூக்கில் ஏற
என் சுவர் வாசகம் தொண்டையில் முள்ளாக நின்றது.
ருகெயா அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு துண்டு வைத்தாள்.

மூன்றாம் இரவு வாசலில் ஆட்கள்.
ஒருவன் டியூப்லைட்டுக்கு நேராக நுரையீரலைப் பிடித்தான்.
நான் டாக்டர் இல்லை என்றேன்,
அறை வாடகைக்கு விடுகிறவள்.
யாரும் நகரவில்லை.
எனவே தெரிந்ததைச் சொன்னேன்:
காட்பாடியில் இறங்குங்கள்.
ஆட்டோக்காரன் ஐநூறு கேட்டால் ஏறாதீர்கள்.
விடியுமுன் வரிசை. ஒரிஜினல் கையில், நகல் பையில்.
மே மாதம் வராதீர்கள், வெயில் கொன்றுவிடும்.
கொன்றுவிடும் என்று சொல்லியிருக்கக் கூடாது.

உங்கள் ஊரில் ஆறு உண்டா, ஒரு பெண் கேட்டாள்.
உண்டு. பேர் பாலாறு.
பாலும் இல்லை, பெரும்பாலும் தண்ணீரும் இல்லை.
ராஜா இல்லாத கோட்டையும் இருக்கிறது என்றேன்.
சிரித்தார்கள்.
ருகெயா மறுநாள் தன் ஆற்றைக் காட்டினாள்.
கபோதாட்சம்: புறாவின் கண்.
கண் முழுக்க ஆகாயத்தாமரை.
‘இதுவும் மூடிக்கொண்டு வருது ஆபா’ என்றாள்,
வீடு கூட்டாமல் விருந்தாளி வந்துவிட்டது போல.

கிளம்பும்போது ஒரு சேலை, ஒரு வெல்லப் பானை.
வாடகை கொடுக்காமல் நான் தூங்கிய
நாலு ராத்திரிக்கு ரசீது ஏதுமில்லை.

காட்பாடியில் வண்டி நின்றபோது மணி நாலு.
அந்தச் சேலைதான் கட்டியிருந்தேன்.
ஓர் ஆட்டோக்காரன் ஓடி வந்தான், புதுப் பையன்:
ஆஷுன் திதி, ஆஷுன், ஆஸ்பத்திரி?
எவ்வளவு என்றேன், வங்காளத்தில்.
ஐநூறு.

என்னவோ, ஏறிவிட்டேன்.
பானையை மடியில் வைத்துக்கொண்டேன்.
பாலத்தில் போகும்போது கேட்டேன்:
நொதீர் நாம் கீ?
கண்ணாடியில் என்னைப் பார்த்து,
தெரிந்த நாலு சொல்லில் தேடி,
‘தூத்’ என்றான். ‘தூத் நொதி, திதி.’

கீழே இருட்டில் மணல்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.