பஹ்ரைன் நேரம்

குதைபியா சந்தில், பரோட்டாக் கடைக்கு மேல்மாடி,
எங்கள் ஸ்டூடியோ.
பிப்ரவரியில் நால்வரும் வந்திருந்தார்கள்,
ஷெங்கன் விசாவுக்குப் படம் எடுக்க.
காது தெரியணும், பல் தெரியக் கூடாது என்றேன்.
ஹெப்சிபா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ஐந்தாவது கிளிக்கில்தான்
தூதரகத்துக்குப் பிடித்த முகம் கிடைத்தது.

ஜூன் கடைசியில் அதே அக்கா,
மூக்கு நுனி தோலுரிந்து,
மெமரி கார்டை டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவந்தார்.
பதினொரு நாள், ஏழு ஊர்,
இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு படம்.
"அறுபது பக்க ஆல்பம், தம்பி.
ஒவ்வொன்றுக்கும் கீழே ஊரும் நேரமும் போடணும்."

ராத்திரி உட்கார்ந்து திறந்தேன்.
பெல்ஜியம் முழுக்க பஸ் ஜன்னல்;
ஒவ்வொரு வயல்மேலும்
மகனின் சிப்ஸ் பாக்கெட் நிழலாடுகிறது.
கொலோன் தேவாலயம் சட்டத்துக்குள் அடங்கவில்லை.
தவசீலன் அண்ணன் தரையில் படுத்திருக்கிறார் போல,
கோபுர உயரத்துக்கு அக்காவின் செருப்பு.
லூசெர்னில் ஒரு தட்டு: அவித்த உருளைக்கிழங்கு,
பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்புப் பொடி.
வெனிஸில் ஒரு படம் வெறும் கட்டைவிரல்.

பாரீஸில்தான் குழம்பினேன்.
படத்தின் தகவலில் இரவு 10.40,
இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இன்னும் வெயில்.
சூரியனுக்கும் அங்கே ஓவர்டைம் உண்டோ?
அப்புறம்தான் பொறி தட்டியது.
கேமராவின் கடிகாரத்தை யாரும் தொடவே இல்லை.
ஏழு ஊரிலும் அது
பஹ்ரைன் நேரத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறது.

அதோடு வேலை ஓடவில்லை.
ஜூன் பன்னிரண்டு, மதியம் 2.15.
அவர்கள் ஆம்ஸ்டர்டாம் கால்வாயில், படகில்.
நான் இங்கே, வரிசையில் நின்ற ஒன்பது நேபாளிகளுக்கும்
ஒரே கோட்டை மாற்றி மாற்றி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.
பனிமலையில் பிள்ளைகள் கையுறையோடு குதிக்கிற காலை
எங்கள் அறை ஏசி நின்ற காலை;
மெக்கானிக் 'நாளை' என்றான், அந்த நாளை மூன்று நாள் நீண்டது.
ரோமில் சின்னவள் கையில் ஐஸ்கிரீம் வழிகிறது, இரவு 9.05.
அப்போது தங்கையோடு ஃபோனில் இருந்தேன்.
என்ன பேசினோம்?
ஒரு படம் இருந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

அவர்கள் விடுமுறைக்குள்
என் பதினொரு நாளும் பத்திரமாக இருந்தன,
யாரும் எடுக்காத படங்களாக.

குஞ்ஞுமோன் சேட்டன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"ஒரு மணிக்கூர் குறைச்சா மதி. ஒத்த கிளிக்."
குறைத்தேன்.
படத்துக்கு ஒரு மணி நேரம் மேனிக்கு
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்:
சரியாகத் தொண்ணூற்றாறு நாள்.
எனக்கு இரண்டு வருடத்துக்கு அறுபது நாள் லீவு.
மிச்ச முப்பத்தாறை எந்தக் கணக்கில் எழுத என்றேன்.
சேட்டன் பதில் சொல்லாமல்
பாதி டீயை என் கிளாஸில் ஊற்றினார்.

ஆல்பம் வாங்க அண்ணனும் வந்தார்.
மேஜைமேல் வைத்து, விரலில் எச்சில் தொடாமல்
ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார்.
நாற்பதாம் பக்கம் தாண்டியதும் வேகம் குறைந்தது.
"இதில் நான் எங்கேயுமே இல்லையே."
"எடுத்தவர் எப்படி இருப்பார்?" என்றார் அக்கா,
பையில் சில்லறை தேடிக்கொண்டே.

நான் வெனிஸ் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
கட்டைவிரல், முழுப்பக்கத்துக்கு.
நகத்தோரம் ஆரஞ்சு வெளிச்சம்,
மூலையில் துளியூண்டு தண்ணீர்.
அக்கா சிரித்தது கீழே பரோட்டாக் கடைவரை கேட்டிருக்கும்.
அண்ணன் அந்த விரலை
அதே விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த ஒன்றுக்கு மட்டும் நான் நேரத்தைத் திருத்தவில்லை.
மாலை 5.20.
மூன்று தினார் பாக்கி, அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிப் போனார்கள்.