குமிழி எண்ணுகிறவள்

எனக்கு வலது காது கேட்காது.
பதினோரு வயதில் கடலட்டைக்காக மூச்சடக்கி இறங்கினேன்.
பாரின் விளிம்பில் மண்டைக்குள் எதுவோ கிழிந்தது.
அதற்குப் பிறகு கடல் எனக்கு
மேல்பக்கம் மட்டும்.

பப்புவாவின் மேற்கு நுனியில்
வரைபடக்காரர்கள் பேனாவை உதறியபோது
சிந்திய தீவு எங்களுடையது.
தம்பி ஓர்கெனெஸ் ஆட்களைக் கீழே கூட்டிப்போவான்.
நான் படகில் இருந்து குமிழி எண்ணுவேன்.

சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு கரும்பலகை.
அதில் மூன்று கட்டம்.

வெள்ளை மணல்: முனைக்குப் பின்னால், ஆறு மீட்டர்.
முதல்முறை இறங்குகிறவர்களுக்கு.
முகமூடிக்குள் அழுதாலும் யாருக்கும் தெரியாது.
மணலிலிருந்து விலாங்குகள்
புல் முளைத்த மாதிரி எழுந்து ஆடுமாம்.
நிழல் பட்டால் மொத்தமாய் இல்லாமல் போகுமாம்.

முட்டைக்கோஸ் சரிவு: பதினெட்டு மீட்டர்.
கையைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு.
கிழட்டு ஆமை ஒன்று உண்டாம்,
யார் வந்தாலும் மெல்லுவதை நிறுத்தாதாம்.

(என் கடலில் எல்லாமே இப்படி ‘ஆம்’தான்.)

மூன்றாவது, கதவு.
இரண்டு தீவுகளுக்கு நடுவே
கடல் உடம்பை ஒருக்களித்து நுழைகிற சந்து.
பௌர்ணமியை ஒட்டி அங்கே யாரையும் இறக்குவதில்லை.
மற்ற நாளிலும் நீவாடு
தன் இஷ்டத்துக்குத்தான் நாள் பார்க்கும்.

புதியவர்களின் குமிழி உலைநீர் மாதிரி,
மூடியைத் தட்டித் தட்டிப் பொங்கும்.
சரிவுக்காரர்களுடையது ஓட்டுத்தையல்.
கதவில் குமிழி சாய்ந்து வரும்.
ஒருமுறை, மேலே வந்துகொண்டிருந்தது
மனம் மாறிக் கீழே போனதைப் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை. நம்பமாட்டார்கள்.

ஆகஸ்டில் டெட்லெஃப் வந்தார்.
எண்ணூறு முறை மூழ்கியவர் என்றது
பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அட்டை.
சாக்கட்டியைத் தானே வாங்கி
மூன்றாவது கட்டத்தில் பெயர் எழுதினார், பெரிதாக.
மக்காசரிலிருந்து வந்த கணக்கு டீச்சர் ஹஸ்னாவதி
மணலில் இரண்டு நாள் அழுது முடித்திருந்தார்.
அன்று வேடிக்கை பார்க்கப் படகில் வந்தார்,
என் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

ஐந்து பேர் இறங்கினார்கள்.
பதினான்காவது நிமிஷம்
“யோசினா, நாலுதான் இருக்கிறது” என்றார் டீச்சர்.
எனக்கும் நாலுதான்.
விசிறி யார் தலைமேல் சுற்றும் என்று தெரியாதபோது
எஞ்சினைத் தொடக்கூடாது.
தொடவில்லை.
அரிசியில் கல் தேடுகிற மாதிரி
இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.
நாலு பேர் ஏறினார்கள். தம்பியின் உதடு வெளுத்திருந்தது.
அப்புறமும் பார்த்தோம்.

வெகுதூரத்தில், யாரும் இறங்காத பக்கத்தில்,
ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று
விரல் மாதிரி நிமிர்ந்தது.

மூக்கில் ரத்தத்தோடு ஏறிய டெட்லெஃப்
வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்:
“அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?”
உங்களைக் கேட்டுக்கொண்டா திறக்கும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
சாகோ அடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பலகையில்,
முதல் கட்டத்தில், ஹஸ்னாவதிக்குக் கீழே
அவர் பெயர். எறும்பு எழுத்தில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தம்பி மட்டும் ஈயக்கட்டி இரண்டைக் கூட்டிக் கொடுத்தான்.

நாற்பத்தைந்து நிமிஷம் எண்ணினேன்.
டீச்சரின் உலை அடங்கியிருந்தது.
பக்கத்தில் அவருடைய குமிழி, ஒன்று,
நான் மறந்துபோகிற அளவு இடைவெளி,
இன்னொன்று.
இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

மேலே வந்ததும் படகின் விளிம்பைப் பிடித்தபடி
விலாங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.
கையை மணலாக்கி, விரல்களை எழுப்பி,
கண்ணை விரித்து, ஏதோ நிறம், ஏதோ புள்ளி.
எல்லாம் என் வலப்பக்கம் நின்று.

இந்தப் பக்கம் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
அந்த விரல்கள் இறங்கிவிடுமோ என்றிருந்தது.

ஆம் என்று தலையாட்டினேன்.
மூன்று சிலிண்டர்.
எண்ணி ஏற்றினேன்.