ஏழில் நிற்காது

எங்கள் புளோக்கின் மின்தூக்கி
ஒன்றில் நிற்கும், ஆறில் நிற்கும், பதினொன்றில் நிற்கும்.
நான் ஏழு.
அரிசி மூட்டையோடு ஆறில் இறங்கி
பதினெட்டுப் படி ஏறுவது எனக்குப் பழக்கம்.
சலவை இயந்திரம் கொண்டுவந்த ரஸாலிக்குப் பழக்கமில்லை.
படித்திருப்பத்தில் இறக்கிவைத்துவிட்டு
மூச்சுக்கு நடுவே சொன்னார்:
"இதற்கு இருபது வெள்ளி கூடக் கேட்கலாம். கேட்கமாட்டேன்."

அன்றிரவுதான் வாக்கெடுப்பு.

ஒட்டுச்சீட்டு அச்சிடும் சின்ன மென்பொருள்.
நான்கு பேர், சம்பளமில்லாமல்,
பதினோரு வருடமாகக் காக்கிறோம்.
மூன்றாம் பதிப்பு எந்தெந்த விண்டோஸில் ஓட வேண்டும்?
பதினொன்று, சரி.
பத்து, இன்னும் கொஞ்ச நாள்.
எட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை,
பாவம், அதற்கு எப்போதுமே அப்படித்தான்.
ஏழு?

போன மாதம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவிறக்கம்.
ஏழிலிருந்து பதினேழு.
அதிலும் நான்கு நானே:
கட்டிலுக்கடியில் ஒரு மடிக்கணினி,
சோதனைக்காக மட்டும் உயிரோடிருப்பது,
உப்பிய மின்கலத்தைக் கழற்றிவிட்டேன், வயரில் ஓடுகிறது.
மீதிப் பதின்மூன்றில் ஒருவரைத் தெரியும்.
புக்கிட் மேராவில் விலங்கு மருந்தகம்.
"பூனை மருந்துப் புட்டிக்கு ஒட்டுகிறேன், நன்றி"
என்று ஒருமுறை எழுதினார்.
மற்றவர்கள் எழுதியதில்லை.
ஓடிக்கொண்டிருக்கும்வரை யார் எழுதுவார்?

ஹெல்மி, எடுத்துவிடலாம் என்றான்.
ஷு மின், ஒட்டுப்போட்ட இருநூறு வரிகள் ஒழியும் என்றாள்.
வார்சாவிலிருந்து மார்த்தா:
செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள்,
நாம் ஏன் ஈரக்கையோடு நிற்க வேண்டும்?
எல்லாம் சரிதான்.

முன்பு கீழ்த்தளத்தில் இப்படியொரு கூட்டம்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு பாக்கெட் சிரிசாந்திமம் டீ.
அதிகாரி கனிவாகத்தான் பேசினார்:
எல்லா மாடியிலும் நிற்கவைக்க
ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு வரம்பைத் தாண்டுகிறது.
அட்டவணையில் எங்கோ ஒரு கட்டத்தில் நாங்கள் இருந்தோம்.
இன்று அட்டவணை என் மடியில்.

தமிழ்க் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.
இதற்குப் போய் 'ஆதரவு' என்று சொல் வைத்துவிட்டோம்.
'ஏழுக்கான ஆதரவு நீக்கப்பட்டது'
என்று தட்டினால்
யாரோ பெட்டியும் கையுமாய்
பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மணி ஒன்றரை.
எடுத்துவிடலாம் என்று நானும் எழுதினேன்.
பழைய பதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றும்.
பிறகு குறிப்பை மாற்றினேன்:
'மூன்றாம் பதிப்பு ஏழில் நிற்காது.
இரண்டோடு இறங்கிக்கொள்ளவும்.'

கட்டிலுக்கடியில் காற்றாடி இன்னும் சுற்றுகிறது.
குனிந்தேன், அணைக்கவில்லை.
பூனை மருந்துக்காரர்
எப்போதாவது எழுதலாம்.