பதிவு செய்யப்பட்ட எண்

பாமணியாற்றில் தண்ணீர் வந்து
பதினெட்டு நாள் ஆகிறதாம்.
ஆற்றைப் பார்த்து எனக்குத் தெரிவதில்லை.
கடைக்கு வரும் பெண்களின் விரல்களை
கருவி வேண்டாம் என்னும்போது தெரியும்,
நடவு தொடங்கிவிட்டது.

"மீண்டும் முயற்சிக்கவும்" என்கிறாள்
உள்ளே இருக்கும் ஒருத்தி.
சேற்றில் கால் வைக்காத குரல்.
தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைக்கிறார்கள்,
முந்தானையில் துடைத்து வைக்கிறார்கள்,
அந்தக் கை, இந்தக் கை.
நாற்றை ஊன்றி ஊன்றி
ரேகையெல்லாம் வயலுக்குப் போயிருக்கிறது.
நியாயப்படி வயலின் பேரில்தான்
பில் போட வேண்டும்.

செங்கமலத்தின் அட்டையில்
கறுப்புக் கட்டத்தின் ஓரம் மஞ்சள் ஏறியிருக்கும்.
படத்தில் மூக்குத்தி இருக்கிறது.
மூக்கில் இப்போது ஈர்க்குச்சி.
கருவி அதைக் கேட்பதில்லை,
நானும் கேட்டதில்லை.
குடும்ப உறுப்பினர்கள் மூன்று பேர்.
நான் பார்த்து வருவது இரண்டு.

மூன்றாவது குணபாலன்.
திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போய்
இரண்டு தீபாவளி ஆயிற்று.
என்ன சண்டை என்று ஊரில் நாலு கதை.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
அட்டையில் இருக்கும் கைப்பேசி எண் அவருடையது.
இங்கே இவள் வாங்கினால்
அங்கே அவர் சட்டைப்பையில் அதிரும்.
அரிசி இருபது கிலோ,
சீனி ஒன்றரை,
பாமாயில் ஒன்று.
"எண்ணை மாத்திடலாமே செங்கமலம்,
அஞ்சு நிமிஷ வேலை."
மூன்று முறை சொல்லியாயிற்று.
"ஆகட்டுங்கா."
எங்கள் பக்கம் ஆகட்டும் என்றால்
ஆகாது என்றும் பொருள் உண்டு.

இன்று பத்து விரலும் விழவில்லை.
"ஓடிபி ஒண்ணுதான் வழி" என்றேன்.
திரையில் ஆறு நட்சத்திரம்,
அப்புறம் 4417.
அந்த நாலு எண்ணையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பின்னால் வரிசை முனகியது.
எடையாளர் வேதரத்தினம்
காலித் தராசை ஒருமுறை தட்டிவிட்டார்.
பெயரைத் தேடாமல்
எண்ணாகவே அழுத்தினாள்.

எடுத்துவிட்டார்.
அந்தப் பக்கம் பட்டறை இரைச்சல்,
இந்தப் பக்கம் எங்கள் மின்விசிறி.
யார் முதலில் பேசுவது என்பதற்குள்
ஓடிபி காலாவதியானது.
இன்னொன்று அனுப்பினேன்.

"நம்பர் வந்துருக்கா?"
"வந்துருக்கு."
அவர் சொல்ல, அவள் எனக்குச் சொல்ல.
ஆறு. பூஜ்யம். ரெண்டு.
அந்த ரெண்டை
மறுபடி சொல்லச் சொன்னாள்.
எனக்குத் தெளிவாகத்தான் கேட்டிருந்தது.
எட்டு. எட்டு. ஒண்ணு.

பில் சுருண்டு வெளியே வந்தது.
அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.
"நடவா?" என்றது போன்.
விரல் தேய்ந்த விஷயம்
ஆறு எண்ணாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
"ம்."
"யாரு வயலு?"
"மேலவெளி."
"முட்டு தண்ணியா இருக்குமே அங்க."
"ம்."
யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.
அரிசியைத் தலைக்கு ஏற்றிவிட்டேன்.
நெற்றி வியர்வையோடு போனாள்.

அடுத்த மாதம் வந்தாள்.
நடவு முடிந்து, களையெடுப்பும் முடிந்து
சும்மா இருந்த பதினைந்து நாளில்
ரேகை முளைத்துவிட்டிருந்தது.
வைத்ததும் பச்சை விளக்கு.
"பாத்தியா, முதல் தடவையே விழுந்துருச்சு!"
சொன்ன பிறகுதான்
அவள் முகத்தைப் பார்த்தேன்.
கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடன்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்ட
பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"அப்ப மெசேஜ் மட்டுந்தானாக்கா?"
"மெசேஜ் மட்டுந்தான்."
"வாங்குற சாமான் அத்தனையும் அதுல இருக்குமா?"
"ஒண்ணு விடாம இருக்கும்."

பருப்பு கடையில் தீரும்வரை காத்திருந்து
இல்லையென்றதும் நிம்மதியாகப் போகிறவள்,
கையில் காசு அவ்வளவுதான்.
கோதுமையை ஐந்து வருடமாகத்
தொட்டுக்கூடப் பார்க்காதவள்.

இடுப்பிலிருந்து
இரண்டாவது பையை எடுத்து உதறினாள்.

"கோதுமையும் போடுங்கக்கா."