குண்டெழுத்து

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
ஐஸ் கம்பெனிக்கு எதிரே என் ஃப்ளெக்ஸ் கடை.
கம்ப்யூட்டரில் எழுத்துருக்கள் நூற்றுப் பன்னிரண்டு.
வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்:
"அந்தக் குண்டெழுத்துல போடுங்கக்கா."

அதற்கொரு பெயருண்டு, வாயில் நுழையாது.
'குண்டு 3' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.
எந்த முனையும் குத்தாது.
ழ படுத்துப் புரளும்.
ண-வின் மூன்று சுழிக்கும் மூன்று தொப்பை.
ஃ என்றால் வலையில் கட்டுகிற மிதவைகள்.
ட மட்டும் அடம்பிடிக்கும்,
மூலையை எவ்வளவு மழுக்கினாலும்
அது நாற்காலிதான்.

குல்பி வண்டிக்கு இதுதான்.
காதணி விழாவுக்கு இதுதான்,
பதினோரு தாய்மாமன்களின் தலைக்கு மேல்.
கீழக்கரை ஃபர்ஹானா தொதல் டப்பாவுக்கு லேபிள் கேட்டார்.
அச்சானதைத் தடவிப் பார்த்து
"எண்ணெய்ப் பிசுக்கு விரல்ல ஒட்டுதே" என்றார்.
அதைவிடப் பெரிய பாராட்டு
இதுவரை வந்ததில்லை.

ஒருமுறை கண்ணீர் அஞ்சலிக்குக் கேட்டார்கள்.
மறுத்துவிட்டேன்.
கண்ணீர் என்ற சொல்லே
அந்த எழுத்தில் சிரிக்கிறது.

போன தையில் சூசை அடைக்கலம் வந்தார்,
படகுக்குப் பெயர் வெட்ட.
ஞானப்பூ.
"தூரத்துல வர்றப்பவே எம் பொண்டாட்டிக்குத் தெரியணும்."
பதிவெண் அரசாங்கம் சொன்ன அளவில், கறுப்பில்.
பெயர் மட்டும் மஞ்சளில்
அணியத்தில் உப்பிக்கொண்டு நின்றது.
ஞ-வின் வளைவுக்குள்
ஒரு நண்டு குடும்பம் நடத்தலாம்.

ஐப்பசியில் ஒரு காலை
ஜெபிலா போனோடு ஓடிவந்தாள்.
வாட்ஸ்அப்பில் படம்:
அக்கரைத் துறையில் கட்டிப்போட்ட எட்டுப் படகுகள்.
ஆட்கள் புள்ளி. பதிவெண்கள் புகை.
"பெருசு பண்ணு."
பெரிதாக்கப் பெரிதாக்க
எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது,
முகங்கள்கூட.
ஒரு மஞ்சள் சுழி மட்டும் உடையவில்லை.
அதன்மேல் விரலை வைத்தவள்
வெகுநேரம் எடுக்கவில்லை.
தூரத்திலேயே தெரியட்டும் என்றுதான்
வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் பத்துக்கு ஆறு பேனர்.
சங்கச் செயலாளர் கூரான சிவப்பெழுத்தைக் காட்டினார்.
ஜெபிலா தலையாட்டவில்லை.
"குண்டெழுத்துலயே போடு."
"அது குல்பி விக்கிற எழுத்தும்மா."
"எங்க போட்டு எழுத்து."

'விடுதலை செய்' என்று அடித்தேன்.
வி உருண்டது, லை உருண்டது.
டு-வின் மூலையை மட்டும்
அன்றைக்கு மழுக்காமல் விட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் கட்டியதும்
முதலில் படித்தவன் ஒன்றாம் வகுப்புப் பையன்,
ஒவ்வோர் எழுத்தாய், சத்தமாய்.
படித்து முடித்துக் கேட்டான்,
"குல்பி வண்டி எப்ப வரும்?"

யாரும் அதட்டவில்லை.
"வரும்" என்றாள் ஜெபிலா.