காற்று: ஒன்பது

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
காற்றின் வேகம், மணிக்குக் கிலோமீட்டரில்.
பத்தைத் தாண்டினால் ட்ரோனைத் தூக்கக்கூடாது.
நான் நிரப்பியது: ஒன்பது.

ஹொஸ்கோட்டே தாண்டி முனிவெங்கடப்பாவின்
மூன்று ஏக்கர் மக்காச்சோளம்.
ஆடி பிறந்து ஆறாம் நாள்.
அம்மியே பறக்கிற மாதத்தில்
களைக்கொல்லித் துளிக்கு என்ன கனம் இருந்துவிடும்?
கையிலிருந்த மானி பதினாறு காட்டியது,
பதினான்குக்கு இறங்கி
மறுபடி பதினேழுக்கு ஏறியது.
அன்றைக்கு இன்னும் நான்கு வயல் பாக்கி.
ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் கூலி.
காத்திருப்பதற்கு யாரும் கூலி வைக்கவில்லை.

தூக்கினேன்.

வயலின் கிழக்கு வரப்பிலிருந்து ஏரிக்கரை வரை
ஏழு புங்கை, ஒன்றன்பின் ஒன்றாக.
சலவைத்துணி போல ஒரு வெள்ளை
வரப்பைக் கடந்து போனதைத் திரையில் பார்த்தேன்.
திரையில் அது அழகாகக்கூட இருந்தது.
சோளத்துக்கு ஒன்றும் ஆகாது, அது புல்லினம்.
அகன்ற இலை எதுவோ அதைத் தேடிப் பிடிக்கிற மருந்து இது.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், நான் குறிப்பும் எடுத்தேன்.
களையா மரமா என்று
அது யாரிடமும் விசாரிப்பதில்லை.

பதினெட்டு நாள் கழித்துப்
பக்கத்து வயலுக்கு யூரியா அடிக்கப் போனால்
முதல் புங்கையின் கீழே தள்ளுவண்டிக் கெம்பம்மா,
டீயை ஆற்றியபடி அண்ணாந்து பார்க்கிறாள்.
"மரக்கே ஏனாயித்தோ கொத்தில்ல."
சாலைப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.
புங்கை எப்போதும்போல் பளபளக்கிறது.
சுற்றிக்கொண்டு மேற்கே வர வேண்டும்.

மேற்கே, கொழுந்தெல்லாம் கிண்ணமாய்க் குழிந்திருந்தது.
காம்புகள் ஈரத்துணியைப் பிழிந்த முறுக்கில்.
விரிய வேண்டிய நரம்புகள்
ஒரே வாசலில் முண்டும் கூட்டம்போல்
நுனியில் போய் நெருக்கிக்கொண்டு.
ஒன்றைப் பறித்து முகர்ந்தேன்.
மருந்து வாடை இல்லை, புங்கை வாடையும் இல்லை.

ஹெப்பாள் ஆய்வகத்திலிருந்து ஃபௌசியா வந்தது அன்றுதான்.
கெம்பம்மாவின் மகன் யாருக்கோ படம் அனுப்பியிருக்கிறான்.
பழுப்புக் காகித உறைகள், ஒரு பூதக்கண்ணாடி,
எட்டாத கிளைக்கு ஆள் தேவை.
நான் பிடித்து வளைத்தேன்.
முதல் மரத்தில் நாற்பது இலை எடுத்தாள், நாற்பதும் சுருண்டவை.
மூன்றாவதில் இருபத்திரண்டு.
ஐந்தாவதில் ஒன்பது.
அந்த எண்ணை அவள் உரக்கச் சொன்னபோது
கை கொஞ்சம் நழுவி, கிளை என் கன்னத்தில் அடித்தது.

"பிழைக்கும்," என்றாள், "அடுத்த முறையும் அடிக்காமல் இருந்தால்."
அடித்தது யார் என்று கேட்டாள்.
முனிவெங்கடப்பா என்னைப் பார்த்தார்,
ஏரியைப் பார்த்தார்,
"ஏஜென்சிப் பையன்கள்," என்றார், பன்மையில்.

ஏழாவது மரம்வரை கூடவே நடந்தேன்.
அங்கே மூன்றே இலை.
அவள் உறைமேல் தேதி எழுதினாள், திசை எழுதினாள்.
காற்று என்ற இடத்தில் பேனா நின்றது.
கேள்விக்குறி போடப் போகிறாள் என்று தெரிந்தது.

"பதினேழு," என்றேன்.

நிமிரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
ஒன்று போட்டு, பக்கத்தில் ஏழு போட்டு,
உறையின் வாயை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

வண்டிக்குத் திரும்பிப் படிவத்தைத் திறந்தேன்.
சமர்ப்பித்ததைத் திருத்த இயலாது என்று வந்தது.
அடுத்த வயல்காரர் நான்காவது முறையாக அழைக்கிறார்.
யூரியாக் கரைசல் தொட்டியில் அலம்புகிறது.
மானியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
பதின்மூன்று.

கெம்பம்மாவிடம் இன்னொரு டீ சொன்னேன்.
குடித்து முடிக்கும்போதும் பதின்மூன்று.