பத்து உரிமம்

இருபத்தாறு கணினி எங்கள் ஆய்வகத்தில்.
ஐந்துக்கு மூச்சில்லை. மூன்றுக்குச் சுட்டியில்லை.
ஜன்னலோரத்து ஒன்றில் 'ன' தட்டினால்
நான்கு 'ன' விழும்.
அதில் அடித்த விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம்
அழுதுகொண்டே எழுதியவை போலிருக்கும்.
மற்றவை நல்லவை.

ஜூலை மாதக் கொடைக்கானலில்
வளாகத்திலேயே கதகதப்பான அறை இதுதான்.
படிக்க வருகிறவர்கள் பாதி,
சிபியுவின் முதுகில் குளிர்காய வருகிறவர்கள் பாதி.
தாவரவியல் பெண்கள் ஈரச் சாக்ஸைக் காயப்போட்டுப்
பிடிபட்டதிலிருந்து
பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
கணினிமேல் துணி உலர்த்தக் கூடாது.

கடிதம் அடிக்கும் மென்பொருள் இலவசம்.
படம் வரைவதும் இலவசம்.
புள்ளியியலுக்கு மட்டும் காசு.
பல்கலைக்கழகம் வாங்கியது பத்து உரிமம்;
ஒரு நேரத்தில் பத்துப் பேர்.
பதினோராவது ஆள் திறந்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து
மிக மரியாதையாக, இடமில்லை என்னும்.
மன்னவனூர் கடைசி பஸ்கூட
அப்படிச் சொன்னதில்லை ஒருநாளும்.

என்னிடம் இருநூற்றுப் பதினான்கு கேள்வித்தாள்.
பூம்பாறையில், கூக்காலில்
பூண்டின் வேர் அரியும் பெண்களிடம்
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டவை.
நாளுக்கு எத்தனை கிலோ. எத்தனை ரூபாய்.
விரல் எரிந்தால் என்ன தடவுவீர்கள்.
பதில் சொல்லாத இடத்தில்
99 என்று போட வேண்டும், அதுதான் முறை.
"கூலி உங்கள் கையில் தங்குகிறதா?"
பதினேழாம் கேள்வி.
நெடுக 99.

வியாழக்கிழமை அத்தியாயம் கொடுக்க வேண்டும்.
செவ்வாய் காலை, பதினோராவது ஆள்.
செவ்வாய் மதியம், பதினோராவது ஆள்.
புதன் முழுக்க மின்சாரமில்லை.
யுபிஎஸ் பன்னிரண்டு நிமிடம் கத்திவிட்டுச் செத்தது.
நாலு மணிக்கு வெளிச்சம் வந்தபோது
வணிகவியல்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.
"பத்தே நிமிஷம்டி" என்றாள் ஜெனோவா.
நேற்றிலிருந்து அதே பத்து.

ஐந்து மணி.
லேப் அசிஸ்டென்ட் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்
சாவியோடு எழுந்தார்.
கதவைத் திறந்தார்.
அதைவிட மெதுவாக மூடினார்.
"யாரும் எந்திரிக்காதீங்க."

படியை அடைத்துக் காட்டுமாடு, நான்கு.
பனியில் முதலில் தெரிந்தது
முழங்கால்வரை போட்ட வெள்ளைச் சாக்ஸ்தான்.

வனத்துறைக்குப் பேசினார்.
தானாப் போயிரும், லைட்டை அணைச்சு வைங்க என்றார்களாம்.
அணைத்தோம்.
பதினெட்டுத் திரைகளின் நீலத்தில்
எல்லார் முகமும் மீன்தொட்டியில் மிதந்தது.
மேசையிழுப்பறையிலிருந்து
இங்கு உண்ணக் கூடாது என்று எழுதிய அதே கையால்
பன் பிட்டுக் கொடுத்தார் அண்ணன்.

ஆறேகாலுக்கு ஜெனோவா முடித்துவிட்டாள்,
வேறு வழியில்லாமல்.
வீட்டுக்கும் போக முடியாது, ஃபோனிலும் சார்ஜ் இல்லை.
மூடினாள்.
என் திரையில் சாம்பல் பெட்டி போய்
வெள்ளைக் கட்டங்கள் விரிந்தன.
இருநூற்றுப் பதினான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

99-ஐ விடுபட்டது என்று ஒதுக்கவா, எனக் கேட்டது மென்பொருள்.
வழக்கமாக ஆம் என்பார்கள்.
வெளியே பெருமூச்சொன்று கதவில் மோதியது.
இல்லை என்று அழுத்தினேன்.
99-ஐயும் ஒரு விடையாக வைத்து
ஓட்டினேன்.

அதிகக் கிலோ அரிந்தவர்கள் எவரோ
அவர்களே அந்தக் கேள்விக்கு
அதிகம் வாய் திறக்காதவர்கள்.
அட்டவணை நான்கு. இரண்டு தசமத் திருத்தமாக.
ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றவில்லை.
சேமித்தேன். மறுபடி சேமித்தேன்.

எட்டுப் பத்துக்கு மாடுகள் நகர்ந்தன,
படியில் சாணி வைத்துவிட்டு.
பதிவேட்டில் அண்ணன் எழுதினார்:
பூட்டிய நேரம் 8.10.
தாமதக் காரணம்: காட்டுமாடு (4).

நன்றியுரையில் நான் அவற்றைச் சேர்த்திருந்தேன்.
நெறியாளர் சிவப்பில் அடித்துவிட்டார்.

மறுவாரம் பலகையில் புதுத் தாள்:
மாலை 5 மணிக்குமேல் எவரும் தங்க அனுமதியில்லை.
அதன் கீழே சிறு துண்டு, அச்சிட்டது:
மாடு நினனனன்றால் தவிர.

எந்தக் கணினி என்று எல்லாருக்கும் தெரியும்.
யார் என்று
அண்ணன் கேட்கவில்லை.